போன தரையிறக்கத்தில் வளைந்த கால்

பழுதான ஹார்ட் டிஸ்கைப் பிரித்தால் உள்ளே சின்னதாக, ஆனால் வலுவான ஒரு காந்தம் கிடைக்கும். அதை உடன்குடியைச் சுற்றியுள்ள தேரி மண்ணில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்துப் பாருங்கள். சிவப்பு மணல் உதிர்ந்துவிடும். கருப்புப் பொடி மட்டும் காந்தத்தின் விளிம்பில் சிலிர்த்து நிற்கும். துணியால் துடைத்தாலும் முழுசாகப் போகாது. மணப்பாடு கடற்கரையிலும் இதே பொடிதான், அலை ஒதுக்கிய இடங்களில் கருங்கோடுகளாகக் கிடக்கும்.

தேரி மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ். மணிகளின் மேல் பூசினாற்போல் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்பு. கூடவே இல்மனைட், கார்னெட், சிர்கான், ரூட்டைல் என்று கனமான கனிமங்களும் கலந்திருக்கின்றன. காந்தத்தில் ஒட்டும் கருப்பில் பெரும்பங்கு இல்மனைட், அதாவது டைட்டானியத் தாது. இதை நம்பித்தான் 2007இல் டாடா ஸ்டீல் நிறுவனம் சாத்தான்குளம் பக்கம் டைட்டானியம் டை ஆக்சைடு ஆலை அமைக்கத் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. நிலம் போய்விடும் என்று மக்கள் எதிர்க்கவே திட்டம் நின்றுபோனது. அது தனிக் கதை. இந்தக் கட்டுரைக்கு வேண்டியது மணலின் கடினம் மட்டும். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. பித்தளைக்கு 3. அலுமினியத்துக்கு அதையும்விடக் குறைவு.

இப்போது இந்த மண்ணில் ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம் ஒன்று ஓடிக் கிளம்பி, மறுபடி வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வெறும் கம்பிக் காலில் இரண்டு சக்கரம் மாட்டிய எளிய விமானம் அல்ல. கிளம்பியதும் கால்களை இறக்கைக்குள் மடக்கிக்கொண்டு, இறங்கும்போது நீட்டும் வகை. ஆர்.சி. விமானம் பறக்கவிடுபவர்கள் இதை ‘ரிட்ராக்ட்’ என்பார்கள். பார்க்க அழகு. மாதிரி விமானத்தில் அதிகம் மக்கர் செய்யும் உறுப்பும் இதுதான். ஒரு கால் நீண்டு மறு கால் வராமல் நிற்கும். இரண்டும் பாதியில் நிற்கும். மேசையில் பத்து முறை ஒழுங்காக மடங்கியது வானத்தில் பதினோராவது முறை மறுக்கும். உடனே ‘மோட்டார் போச்சு’ என்று புதுசு வாங்கப் போவார்கள். பெரும்பாலும் மோட்டார் போயிருக்காது. கோளாறு கண்ணில் பட்டது வானத்தில். அது பிறந்தது போன முறை தரை தொட்டபோது. அன்றைக்கே ஏதோ ஒன்று ஒரு மயிரிழை வளைந்திருக்கிறது, தளர்ந்திருக்கிறது, இல்லை மணல் தின்றிருக்கிறது.

காலை ஏன் மடக்க வேண்டும்? காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. மெதுவாகப் பறந்த தொடக்க கால விமானங்களில் தொங்கும் சக்கரம் ஒரு பொருட்டே இல்லை. வேகம் கூடக்கூட அதுவே முட்டுக்கட்டை ஆனது. 1920இல் பிரான்சில் நடந்த கார்டன் பென்னட் பந்தயத்துக்கு வந்த டேட்டன்-ரைட் ஆர்.பி.-1 என்ற அமெரிக்க விமானம் சக்கரங்களை உடலுக்குள் இழுத்துக்கொண்டது. விமானி கையால் சுற்ற வேண்டும். 1930களில் வந்த சோவியத் ஐ-16 போர் விமானத்திலும் கைப்பிடிதான். காலை மடக்க 44 சுற்று. கிளம்பிய உடனே ஒரு கையால் விமானத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கைப்பிடியைச் சுற்றிய அந்த விமானிகளோடு ஒப்பிட்டால், ஒரு சுவிட்சைத் தட்டிவிட்டு அண்ணாந்து பார்க்கும் நமக்குப் புகார் சொல்ல உரிமை குறைவு.

இன்று கடையில் கிடைக்கும் ரிட்ராக்ட்களில் பெரும்பாலானவை மின்சாரத்தில் இயங்குபவை. தீப்பெட்டி அளவு கூடு. உள்ளே விரல் நுனி அளவு மோட்டார், அதன் வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரங்கள், அவற்றோடு சேர்ந்து சுழலும் எஃகுத் திருகு. திருகின் மேல் ஒரு மரை முன்னும் பின்னும் நகரும். மரையில் இருக்கும் முளை, காலைத் தாங்கும் அலுமினியக் கட்டையின் காடிக்குள் புகுந்திருக்கும். மரை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனால் கட்டை 90 டிகிரி திரும்பும். காலும் மடங்கும்.

இதில் நுட்பம் மோட்டாரில் இல்லை, பூட்டில் இருக்கிறது. தரையில் நிற்கும்போது விமானத்தின் எடை காலை மடக்கப் பார்க்கும். அந்த விசை மோட்டார் வரை போனால் பொடிப் பல்சக்கரங்கள் நொறுங்கிவிடும். போகாமல் தடுப்பவை இரண்டு. முதலாவது, திருகின் சரிவு. திருகைச் சுற்றினால் மரை நகரும். மரையை எவ்வளவு அழுத்தினாலும் திருகு சுற்றாது. திருகு ஜாக்கி கைப்பிடியை விட்டாலும் இறங்காமல் நிற்பது இதனால்தான். இரண்டாவது, காடியின் வடிவம். கோடியில் காடி செங்குத்தாக வளைந்திருக்கும். முளை அந்த வளைவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், காலில் விழும் விசை முளையைப் பக்கவாட்டில் அழுத்துமே தவிரப் பின்னால் தள்ளாது. பழைய டிரங்குப் பெட்டியின் கொக்கியை இழுத்து மடக்கியதும் ‘டக்’கென்று விழுந்து, உள்ளே எவ்வளவு துணி திணித்திருந்தாலும் திறந்துகொள்ளாமல் நிற்குமே, அதே தந்திரம்.

ஆனால் முளை வளைவுக்குள் முழுசாகப் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் பூட்டு விழாது. பார்த்தால் கால் நேராகத்தான் தெரியும். தரை தொட்டதும் மடங்கிவிடும்.

தரை தொடும் அந்தக் கணத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விமானத்தின் எடை 2 கிலோ, அது நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் கீழே இறங்குகிறது என்று கொள்வோம். நல்ல தரையிறக்கம்தான். அந்த வேகத்தைக் காலில் உள்ள ஸ்பிரிங் 1 சென்டிமீட்டர் அமுங்கி நிறுத்தினால், கால்களில் விழும் சராசரி விசை 10 கிலோ எடைக்குச் சமம். சொந்த எடை தனி. ஸ்பிரிங்கே இல்லாத முரட்டுக் கால் என்றால் 2 மில்லிமீட்டருக்குள் நின்றாக வேண்டும். அப்போது 50 கிலோ. இறங்கும் வேகம் இரண்டு மடங்கானால் இந்த எண்கள் எல்லாம் நான்கு மடங்கு.

தேரி மண்ணில் இதைவிட மோசமானது முன்னிருந்து வரும் இழுப்பு. சின்னச் சக்கரம் மணலில் புதைகிறது. விமானம் முன்னே போகப் பார்க்கிறது. சக்கரத்தில் 2 கிலோ அளவுக்குப் பின்னிழுப்பு, காலின் நீளம் 10 சென்டிமீட்டர், கால் சுழலும் ஊசிக்கும் பூட்டு முளைக்கும் நடுவே 1 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முளையின் மேல் விழுவது 20 கிலோ. நெம்புகோல் கணக்கு, பத்துக்கு ஒன்று. சுழல் ஊசியோ 3 அல்லது 4 மில்லிமீட்டர் எஃகு. அது உடையாது. கண்ணுக்குத் தெரியாமல் வளையும். ஊசி வளைந்ததும் அலுமினியக் கட்டை அதைச் சுற்றித் தாராளமாகத் திரும்பாது, ஒரு கோணத்தில் பிடிக்கும். அங்கே மோட்டார் திணறும்.

திணறும் மோட்டாருக்கு என்ன ஆகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் கோளாறு விளங்கிவிடும். சுற்றுகிற மோட்டார் தானே ஒரு எதிர்மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டு மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும். நின்றுவிட்டால் அது இல்லை. கம்பிச்சுருளின் மின்தடை ஒன்றுதான் தடுப்பு. 6 வோல்ட்டில் ஓடும், 6 ஓம் தடை உள்ள மோட்டார் நின்ற நிலையில் 1 ஆம்பியர் இழுக்கும். ஓடும்போது அதில் ஒரு சிறு பங்குதான். கூட்டுக்குள் இருக்கும் சர்க்யூட் இந்த ஏற்றத்தைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறது. மரை கோடிக்குப் போய் முட்டும், மின்னோட்டம் எகிறும், ‘வந்து சேர்ந்தாச்சு’ என்று சர்க்யூட் மின்சாரத்தை வெட்டிவிடும். கோடியைக் காட்ட இந்த வகையில் தனி சுவிட்ச் கிடையாது.

சிக்கல் இங்கேதான். பாதி வழியில் ஒரு மணல் பருக்கை மாட்டினாலும் மின்னோட்டம் அதே மாதிரி எகிறும். ஊர் வந்ததையும் வழியில் கல் கிடப்பதையும் சர்க்யூட்டால் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டுக்கும் அதே முடிவு, வெட்டு. கால் பாதியில் நிற்பதைப் பார்த்து ‘சர்க்யூட் கெட்டுப்போச்சு’ என்கிறோம். அது தன் வேலையைச் செய்துவிட்டுத்தான் நிற்கிறது.

அப்படியானால் தேட வேண்டிய இடங்கள் மூன்று. உத்தரவு சரியாகப் போகிறதா, மின்சாரம் போதுமான அளவு போகிறதா, வழி தடையின்றி இருக்கிறதா. பிரித்துப் பார்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரே சோதனை, மாற்றி மாட்டுவது. இடது கால் மறுக்கிறதா? இடது, வலது வயர்களை ஒன்றுக்கொன்று மாற்றி மாட்டி சுவிட்சைத் தட்டுங்கள். இப்போதும் இடது காலே மறுத்தால் கோளாறு அந்தக் காலுக்குள். வலது கால் மறுத்தால் கோளாறு வயரில், இல்லை அதற்கும் முன்னால். ஒரு நிமிட வேலை. ஸ்க்ரூ டிரைவரை முதலில் எடுத்தவர்கள் கெடுத்துக்கொண்ட ரிட்ராக்ட்கள்தான் அதிகம்.

உத்தரவில் வரும் கோளாறுகளை எளிதில் தீர்க்கலாம். ரிசீவரிலிருந்து போவது நொடிக்கு ஏறத்தாழ 50 துடிப்புகள். ஒவ்வொன்றும் 1 முதல் 2 மில்லி நொடி நீளம். குறைந்த நீளம் ஒரு உத்தரவு, கூடிய நீளம் எதிர் உத்தரவு. டிரான்ஸ்மிட்டரில் அந்தச் சேனலின் எல்லையை யாராவது சுருக்கி வைத்திருந்தால் துடிப்பு நடுவிலேயே நின்றுகொண்டிருக்கும், கால் அசையாது. இன்னொன்று, பல ரிட்ராக்ட்கள் பேட்டரியை மாட்டிய உடனே சுவிட்சுக்குப் பணியா. ஒரு முறை மேலும் கீழும் தட்டிய பிறகுதான் கேட்கும். மாட்டிய வேகத்தில் விமானம் கால் மடங்கி மூக்கில் விழக்கூடாது என்று வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு அது.

மின்சாரத்தில் எல்லோரும் நீள வயரைக் குறை சொல்வார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. வழக்கமான மெல்லிய சர்வோ வயர் மீட்டருக்கு ஏறத்தாழ 0.13 ஓம். போக வர 2 மீட்டர், 1 ஆம்பியர் ஓடினால் வீணாவது கால் வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். ரிட்ராக்ட் அதைத் தாங்கும். தாங்காதது துருப்பிடித்த முனை. உப்பளங்களும் கடலும் சூழ்ந்த ஊரில் காற்றோடு வரும் உப்பு எல்லாவற்றின் மேலும் படியும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைந்துகொள்ளும். இந்தக் கரையோர இரவுகளில் அது சகஜம். பிளக்குகளின் மெல்லிய முலாம் தேய்ந்த இடத்தில் அந்த உப்புநீர் இறங்கி அரிக்கிறது. மேசையில் மல்டிமீட்டர் வைத்தால் 6 வோல்ட் முழுசாகக் காட்டும், ஏனென்றால் அப்போது மின்னோட்டம் இல்லை. மோட்டார் இழுக்கும்போதே அளந்தால்தான் முனையில் எவ்வளவு தொலைகிறது என்று தெரியும். மூன்று கால்களும் ஒரே நேரத்தில் கோடியை முட்டினால் 3 ஆம்பியர். அதே மின்சாரத்தை நம்பித்தான் ரிசீவரும், மடல்களை அசைக்கும் சர்வோ மோட்டார்களும் இருக்கின்றன. 3 ஆம்பியருக்கு மேல் தாங்காத சிறு ரெகுலேட்டரில் எல்லாவற்றையும் தொங்கவிட்டால், மறுப்பது காலோடு நிற்காது. ரிசீவரே ஒரு கணம் கண்ணயர்ந்துவிடும். ரிட்ராக்ட்டுக்குத் தனி பேட்டரி வைப்பது ஆடம்பரம் அல்ல.

மிச்சம் இருப்பது வழி. இங்குதான் தேரி மண் தன் கைவரிசையைக் காட்டும். திறந்த திருகில் மணல் படிகிறது, மரை அதை அரைத்துக்கொண்டே நகர்கிறது. மரை பித்தளை என்றால் குவார்ட்ஸைவிட நான்கு படி மென்மையானது. தேய்வது எது என்று சொல்ல வேண்டியதில்லை. இறுக்கமாக இருக்கிறது என்று தையல் மெஷின் எண்ணெய் விடுவார்கள். அதோடு முடிந்தது. எண்ணெயில் ஒட்டிய குவார்ட்ஸ் உப்புத்தாளுக்குச் சற்றும் குறையாமல் தேய்க்கும். பென்சில் கரியைத் தூவலாமே என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. உள்நாட்டு ஊர்களுக்கு அது சரி. உப்பு ஈரத்தில் கரியும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும், எஃகு ஊசி அலுமினியத்தைத் தொடும் இடத்திலும் அரிப்பு உண்டு. இந்தக் கரைக்கு ஏற்றது உலர்ந்து படியும் டெஃப்லான் ஸ்பிரே, அதுவும் பழைய மணலைத் தூரிகையால் முழுசாகத் தட்டிய பிறகு. பல்சக்கரப் பெட்டி மூடியிருப்பதால் அதற்குள் கிரீஸ் இருக்கலாம். மோட்டாரின் காந்தத்தில் ஒட்டிய கருப்புப் பொடி தூரிகைக்கு வராது. மாஸ்கிங் டேப்பின் பசைப் பக்கத்தால் ஒற்றி எடுக்க வேண்டும்.

காலையும் சக்கரத்தையும் கழற்றிவிட்டு, கூட்டை மட்டும் ஓடவிட்டுப் பார்ப்பது அடுத்த படி. அப்போது தங்குதடையின்றி ஓடினால் கூட்டில் பழுது இல்லை. சக்கரம் இறக்கைக் குழியில் எங்கோ உரசுகிறது. எங்கே என்று பார்க்கக் குங்குமம் போதும். டயரைச் சுற்றித் தடவிவிட்டு மடக்கினால், உரசும் இடத்தில் சிவப்பு அப்பிக்கொள்ளும். போன தரையிறக்கத்தில் கம்பிக் கால் 2 டிகிரி பின்னால் வளைந்தாலே சக்கரம் குழியின் விளிம்பில் ஏறிவிடும். கம்பியை இறுக்கும் குட்டித் திருகு நழுவி, சக்கரம் கோணலாக நின்றாலும் இதே கதி. கம்பியில் அந்தத் திருகு உட்காரும் இடத்தை அரத்தால் தட்டையாக ராவி, லாக்டைட் ஒரு சொட்டு விட்டு முடுக்கினால் நழுவாது.

கூட்டைப் பிடித்திருக்கும் பலகையையும் சந்தேகப்பட வேண்டும். ஃபோம் விமானங்களில் பிளைவுட் துண்டை இறக்கைக்குள் வைத்துப் பசையால் ஒட்டியிருப்பார்கள். அது சூடாக்கி ஊற்றும் பிளாஸ்டிக் பசை என்றால், சித்திரை வெயிலில் கதவடைத்த காருக்குள் விமானத்தை வைத்துவிட்டு வந்தால் போதும், இளகும். ஆறிய பிறகு இறுகிவிடும், ஆனால் பலகை ஒரு பக்கம் சாய்ந்தபடி இறுகும். திருகு, முளை, ஊசி எல்லாம் ஒழுங்காக இருந்தும் கால் உரசும்.

மேசையில் ஓடுவது வானத்தில் ஏன் மறுக்கிறது? காற்று. சக்கரம் 6 சென்டிமீட்டர் விட்டம், 2 சென்டிமீட்டர் தடிமன். கால் 10 சென்டிமீட்டர் நீளம், அரை சென்டிமீட்டர் தடிமன் என்று கொண்டால் காற்றை எதிர்த்து நிற்கும் பரப்பு சுமார் 17 சதுர சென்டிமீட்டர். மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அதன் மேல் தரும் அழுத்து விசை ஏறத்தாழ 90 கிராம் எடைக்குச் சமம். காலும் சக்கரமும் சேர்ந்த எடையே 40 கிராம்தான் இருக்கும். மேசையில் மோட்டார் தூக்குவது 40 கிராம். வானத்தில் அதற்கும் மேல் இரண்டு பங்குக்கு அதிகமான எதிராளி. வேகத்தை 72 கிலோமீட்டராகக் குறைத்தால் காற்றின் பங்கு 40 கிராமுக்கு வந்துவிடும். சுவிட்சைத் தட்டும் முன் த்ராட்டிலைக் குறைத்தால் தீர்ந்துபோகிற கோளாறுகள் எத்தனையோ.

கால் எந்தப் பக்கம் மடங்குகிறது என்பதும் முக்கியம். முன்பக்கம் மடங்கும் கால் நீளும்போது பின்னோக்கி வரும். காற்றே தள்ளி இறக்கிவிடும். பெரிய விமானங்கள் பலவற்றில் மூக்குச் சக்கரம் முன்பக்கம் மடங்குவது இதற்காகத்தான். ஹைட்ராலிக் செத்தாலும் சொந்த எடையும் காற்றும் சேர்ந்து காலை நிலைக்குக் கொண்டுவரும். பின்பக்கம் மடங்குவது மேலே ஏறச் சுலபம், இறங்கக் கஷ்டம். கோர்சேர் போர் விமானத்தின் மாதிரி செய்கிறவர்களுக்கு இது தெரியும்: அதன் கால் பின்னால் மடங்குவதோடு 90 டிகிரி திருகிக்கொள்ளவும் வேண்டும்.

காற்றழுத்தத்தில் இயங்கும் பழைய வகை ரிட்ராக்ட்களை இன்னும் விடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. விமானத்துக்குள் ஒரு குட்டிக் காற்றுத் தொட்டி, கைப்பம்பால் ஏறத்தாழ 100 பி.எஸ்.ஐ. அழுத்தம், ஒரு வால்வு. இதில் கோளாறு என்றால் ஒன்றே ஒன்று, கசிவு. சோப்புத் தண்ணீரைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஓ-ரிங் காய்ந்திருந்தால் சிலிக்கோன் எண்ணெய் ஒரு சொட்டு. மின்சார வகையைவிட முரடு தாங்கும் என்பது என் எண்ணம். ஆனால் உதிரி பாகங்கள் கிடைப்பது அருகிவருகிறது. சர்வோவும் தள்ளுகம்பியும் வைத்த இன்னும் பழைய வகையில், கம்பி ஒரு மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலே சர்வோ கோடியில் முட்டிக்கொண்டு முனகும். முனகல் கேட்டால் பேட்டரி கரைகிறது என்று அர்த்தம்.

விமானி இல்லாமல் இறங்கும் எந்திரத்துக்கு இதே கவலைகள் பெரிய அளவில் உண்டு. உடன்குடிக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, குலசேகரன்பட்டினத்தில், இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து கிளம்பப்போகும் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகள் திரும்பி வராதவை. திரும்பி வந்து ஓடுபாதையில் இறங்கும் வாகனத்தை இஸ்ரோ வேறிடத்தில் சோதித்தது: கர்நாடகத்தின் சித்ரதுர்காவில். புஷ்பக் என்று பெயர். சினூக் ஹெலிகாப்டர் அதை நாலரை கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிப்போய் விட்டுவிடும். பிறகு தானே வழி தேடி, கால் நீட்டி, இறங்க வேண்டும். முதல் சோதனை 2023 ஏப்ரல் 2, இரண்டாவது 2024 மார்ச் 22, மூன்றாவது 2024 ஜூன் 23. மூன்றாவதில் தரை தொட்ட வேகம் மணிக்கு 320 கிலோமீட்டருக்கும் மேல். பயணிகள் விமானம் சுமார் 260இல் இறங்கும். பாராசூட் புஷ்பக்கின் வேகத்தை 100க்குக் குறைத்த பிறகுதான் சக்கர பிரேக். இதில் என்னைக் கவர்ந்தது வேறு செய்தி. இரண்டாவது சோதனையில் முதல் சோதனையின் உடலையே மறுபடி பயன்படுத்தினார்கள். ஆனால் முதல் இறக்கத்தில் பார்த்ததை வைத்து, கூடுதல் சுமை தாங்கும்படி உடற்கட்டையும் சக்கரக் கால்களையும் வலுப்படுத்திய பிறகு. வெற்றிகரமாக இறங்கிய வாகனத்தின் காலையே அப்படிச் சோதித்தார்கள். நாம் தப்பாக இறங்கிய விமானத்தையும் மண்ணைத் தட்டிவிட்டு அடுத்த பேட்டரியை மாட்டுகிறோம்.

தமிழ்நாட்டிலேயே விமானக் கால் வேலை நடக்கும் ஓர் இடம் ஆவடி. அர்ஜுன் டாங்கியை உருவாக்கிய டி.ஆர்.டி.ஓ.வின் போர் ஊர்தி ஆய்வகம்தான் தபஸ், ஸ்விஃப்ட் என்ற ஆளில்லா விமானங்களுக்கு மடங்கும் கால்களை வடிவமைத்தது. டாங்கிக்காரர்களுக்கு விமானத்தில் என்ன வேலை என்று தோன்றலாம். பள்ளத்தில் விழும் டாங்கியின் சக்கரமும் தரை தொடும் விமானத்தின் காலும் கேட்பது ஒரே கேள்வியை: இத்தனை ஆற்றலை எத்தனை சென்டிமீட்டரில் விழுங்குவது?

2024 அக்டோபர் 11 மாலை தமிழ்நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்ததும் இந்தக் கேள்வியால்தான். திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய போயிங் 737இல் ஹைட்ராலிக் கோளாறு. 141 பேர். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வட்டமடித்துவிட்டுப் பத்திரமாக இறங்கியது. ஏன் உடனே இறங்கவில்லை என்று பலரும் கேட்டார்கள். நெடுந்தூரப் பயணத்துக்கு நிரப்பிய எரிபொருளோடு இறங்கினால் அத்தனை எடையும் கால்களில் விழும். 737இல் எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிட வசதி கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். மின் பேட்டரியில் பறக்கும் நம் விமானத்துக்கு இந்தச் சலுகையும் இல்லை. பேட்டரி தீர்ந்தாலும் எடை குறையாது.

அந்த விமானிகளுக்குக் கால் இறங்கியதைச் சொல்ல விளக்குகள் உண்டு. விளக்கை நம்புவதிலும் ஆபத்து இருக்கிறது. 1972 டிசம்பர் 29 இரவு, மயாமி அருகே ஈஸ்டர்ன் 401 விமானத்தின் மூக்குச் சக்கர விளக்கு எரியவில்லை. கால் சரியாகத்தான் இறங்கியிருந்தது, பல்புதான் போயிருந்தது. பல்பைக் கழற்றுவதில் எல்லோரும் மூழ்கியிருக்க, விமானம் மெல்ல இறங்குவதை ஒருவரும் கவனிக்கவில்லை. 101 பேர் இறந்தார்கள். ஆர்.சி. விமானத்துக்கு விளக்கு இல்லாததே நல்லது என்று சில சமயம் எனக்குத் தோன்றும். தாழப் பறக்கவிட்டு, நண்பர் ஒருவரை நிறுத்திக் கண்ணால் பார்க்கச் சொல்லலாம். பறக்கவிடுகிறவர் விமானத்தை மட்டும் பார்க்க வேண்டும்.

பறக்கவிடும் இடம் பற்றியும் ஒரு வார்த்தை. ட்ரோன் விதிகள் 2021இன்படி, படிப்புக்கோ பொழுதுபோக்குக்கோ, கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் பறக்கும் 25 கிலோவுக்கு மேற்படாத விமானம் ‘மாதிரி’ வகையில் வரும். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கலாம். ஏவுதளமும் அனல்மின் நிலையமும் எழும் பகுதி என்பதால் கிளம்பும் முன் மண்டலங்களைக் காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட வேண்டும். வெளிப்படையாகச் சொன்னால், தேரி மண்ணுக்கு ரிட்ராக்ட் பொருந்தாது. ஆடிக் காற்றில் அது இன்னும் பொருந்தாது. பக்கக்காற்றில் சாய்ந்து இறங்கும் விமானம் ஒற்றைக் காலில் விழும். கோடையில் காய்ந்து இறுகிய குளத்தடி இருந்தால் சரி. இல்லையென்றால் பெரிய சக்கரமும் வளையும் கம்பிக் காலும் போதும், அல்லது கையால் வீசி வயிற்றால் இறங்கும் விமானம். அழகுக்காக ரிட்ராக்ட் வேண்டும் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை, வேகமான விமானம் வைத்திருந்தால் அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு.

ஒரு கால் இறங்காமல் வானத்தில் மாட்டிக்கொண்டால் முதலில் உயரம் எடுங்கள். வேகத்தைக் குறைத்து, சுவிட்சை மேலும் கீழும் ஓரிரு முறை தட்டுங்கள். வரவில்லையா? லேசாக இறங்கி, சட்டென்று மூக்கைத் தூக்கினால் அந்த வளைவில் எல்லாமே கனக்கும். 3 ஜி என்றால் 40 கிராம் கால் 120 கிராம் ஆகிவிடும். காற்றழுத்த வகை என்றால் பாதியில் நின்ற கால் அதிலேயே விழுந்து பூட்டிக்கொள்வதுண்டு. அதற்கும் மசியவில்லை என்றால் மற்றக் கால்களையும் மடக்கிவிடுங்கள். ஒற்றைக் காலில் இறங்கினால் விமானம் சுழன்று இறக்கை முறியும். வயிற்றில் இறங்குவதற்குத் தேரி மணலைப் போல ஒத்தாசையான தரை வேறு இல்லை. கடைசி நொடியில் மோட்டாரை நிறுத்திவிட்டால் ப்ரொப்பெல்லரும் பிழைக்கும்.

இறங்கிய பிறகு எல்லோரும் செய்வது ஓடிப்போய்ப் பேட்டரியைப் பிடுங்குவதும், காலைக் கையால் இழுத்துப் பார்ப்பதும். தடயம் அதோடு அழிந்துவிடும். 2011 நவம்பர் 1 அன்று வார்சாவில் போலந்து நாட்டு லாட் நிறுவனத்தின் போயிங் 767 ஒன்று 231 பேரோடு வயிற்றில் இறங்கியது, ஒருவருக்கும் காயமில்லை. ஹைட்ராலிக் கசிந்துபோனதால் மின்சாரத்தில் இயங்கும் மாற்று ஏற்பாட்டை முயன்றிருக்கிறார்கள். அதுவும் வேலை செய்யவில்லை. பிறகு விமானத்தைத் தூக்கி நிறுத்திப் பார்த்தபோது ஒரு சர்க்யூட் பிரேக்கர் விழுந்திருந்தது. அதை அழுத்திவிட்டு சுவிட்சைப் போட்டதும் கால்கள் இறங்கின. மாதிரி விமானத்திலும் ப்ரொப்பெல்லர் மோட்டாரின் இணைப்பை மட்டும் கழற்றிவிட்டு, ரிசீவர் பேட்டரியைத் தொடாமல், கால் நிற்கும் கோணத்தை ஒரு போட்டோ எடுங்கள். பேட்டரி வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். விமானத்தைத் தூக்கிப் பிடித்துச் சுவிட்சைத் தட்டுங்கள். அப்போது கால் இறங்கினால் காரணம் காற்றோ மின்சாரமோ. இறங்காவிட்டால் இடது, வலது வயர்களை மாற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, சுழல் ஊசியை வெளியே எடுத்துக் கண்ணாடித் துண்டின் மேல் உருட்டுங்கள். வளைந்த ஊசி தத்தித்தத்தி உருளும்.